பத்து நிமிடம் சும்மா இரு

மகள் மறுபடியும் இடது கண்ணைத் திறந்துவிட்டாள். இன்றைக்கு இது நாலாவது தடவை.

“கண்ணை மூடு பாப்பா,” என்றார் பிரேக் மாஸ்டர், தன் கண்ணை அவசரமாக மூடிக்கொண்டு.

“மூடித்தாம்பா இருக்கேன். நீங்க எப்படிப் பாத்தீங்க?”

ஏழு வயதில் என்ன வாய், பின்னால் வக்கீலாகத்தான் வருவாள் என்று கோபத்துக்கு நடுவிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். அந்தக் காரில் அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடம் “பிரேக், பிரேக்” என்று கத்தியதில், பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. வீட்டிலும் அதே குரல்தான். மகள் தம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூட “மெதுவா, மெதுவா” என்று கத்துவார். மேசைக்கு அடியில் வலது கால் தானாக அமுங்கும். ஒருநாள் அவள் தன் பொம்மையைப் பார்த்து “பிரேக்” என்று அதே குரலில் கத்தினாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் வரட்டும், இந்தக் குணம் மட்டும் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது.

அதனால்தான், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, சலவைக் கடை மாடியில் நடக்கும் யோகா தியான வகுப்பைப் பற்றிச் சொன்னதும் உடனே தலையாட்டினார். பெயரெல்லாம் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை தோறும் ரெண்டு பேரும் போய்வாருங்கள், எனக்கு வேலை என்று சொல்லிவிட்டாள் அவள். வீட்டுக்கு ஒரு பெரியவரும் ஒரு குழந்தையுமாக எதிரெதிரே உட்கார வேண்டும். காரை நிறுத்திவிட்டு அவர் மேலே வருவதற்குள் மகள் படியேறிப் பாய் விரித்திருப்பாள். மாதக் கடைசியில், எல்லோர் முன்னிலையிலும் பத்து நிமிடம் கண் மூடி அசையாமல் இருந்தால் மெடல்.

அந்த மெடலை அவர் அப்போதே மகள் கழுத்தில் பார்த்துவிட்டார். காரில் ஏறியவர்கள் எல்லோரிடமும் சொன்னார். ஓட்டுநர் பள்ளி முதலாளியிடமும், என் பொண்ணு உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான் என்று அளந்துவிட்டார். அப்படியானால் நானும் வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார் முதலாளி.

வீட்டுப் பயிற்சி தீவிரமானது. அப்பாவின் கால் ஆடுவதால்தான் சிரிப்பு வருகிறது என்றாள் மகள். காலை ஒரு துண்டால் மேசைக் காலோடு கட்டிக்கொண்டார். போன் அடித்தது. கட்டியதை மறந்து எழுந்தார். மேசையும் கூடவே வந்தது. மேசைமேல் இருந்த கண்ணாடி ஜாடியும் வந்தது, ஆனால் ஜாடியாக வந்துசேரவில்லை.

மறுநாள் மகள் கண்ணில் கைக்குட்டை கட்டப் பார்த்தார். அப்பாவும் கட்டிக்கொண்டால்தான் என்று அவள் பேரம் பேசினாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு ரொம்ப நன்றாகத்தான் போனது.

“அப்பா, ஏதோ கருகுது.”

“எண்ணம் வந்தா வரட்டும். நாம அதைப் பிடிச்சுக்கக் கூடாது.”

“எண்ணம் இல்லப்பா, பால்.”

“பேர் வைக்காதே. போக விடு.”

பால் போய்விட்டது. பாத்திரத்தின் அடியும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்ததைக்கூட ஓர் எண்ணம் என்றே நினைத்துப் போகவிட்டிருந்தார்.

தான் கத்துவதை நிறுத்தினால்தான் மகளுக்கு அமைதி வரும் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த நாளே காரில் அதை ஆரம்பித்தார். கார் பழக வந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த பல் டாக்டரிடம், தியான வகுப்புக் குரலில், மூச்சை மெதுவாக இழுத்து உடம்பைத் தளரவிடச் சொன்னார். பல் டாக்டர் சொன்ன பேச்சைத் தட்டாதவர். கண்ணையும் மூடிக்கொண்டார். பிரேக் மாஸ்டரின் காலும் அன்றைக்கென்று பார்த்துத் தளர்ந்திருந்தது. கார் நடைபாதையில் ஏறி, நாற்காலிக் கடைக்குள் பாதி நுழைந்து நின்றது.

முதலாளி திட்டவில்லை. “சனிக்கிழமை வர்றேன். அந்த மெடலையாவது கண்ணால பாக்கறேன்,” என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாடி முழுக்கப் பாய்கள். சுவரோரம் நாற்காலியில் முதலாளி. மணி அடித்ததும் பிரேக் மாஸ்டர் கண்ணை மூடினார். பாப்பா திறந்திருப்பாளா என்று பார்க்கத் துடித்தது. பார்க்கவில்லை. கால் அமுங்கப் பார்த்தது, அதையும் கண்டுகொள்ளவில்லை. திறந்தால் திறக்கட்டும், மெடல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் என் பெண் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அவர் எதையுமே நினைக்கவில்லை. கீழே துணி துவைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி மணி அடித்துக் கண் திறந்தபோது, மகள் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு முகமெல்லாம் பெருமை வேறு. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று வாய்வரை வந்தது. ஆனால் கத்தவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த நிமிடம் அவளை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாப்பாவை இன்னும் ஒரு மாசம் சேத்துக்கங்கம்மா. இன்னைக்கும் கண்ணை மூடல.”

அந்தப் பெண் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

“பாப்பா எதுக்கு சார் மூடணும்? ஸ்டூடண்ட்னு இருக்கறது உங்க பேருதான். கார்டியன்ங்கற இடத்துலதான் வாராவாரம் பாப்பா கையெழுத்துப் போடறா.”