கல்யாணக் கூடாரத்தில் ஒரு மௌத்து

ஸஃப்ரூ, மொராக்கோ, சனிக்கிழமை மாலை

மதிப்புக்குரிய மச்சான் ஜிலாலி அவர்களுக்கு, தங்கை புருஷன் மௌலூத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் தங்கை, மகள் கிஸ்லான், நான் மூவரும் உடம்புக்குச் சுகம். மனசின் நிலவரம் கீழே வருகிறது. பிரான்ஸ் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி?

நாளை நடக்க இருந்த கிஸ்லானின் கல்யாணம் நின்றுவிட்டது. தெருவில் கூடாரம் போட நகராட்சியிடம் இரண்டு மாதம் அலைந்து அனுமதி வாங்கினேன். நிபந்தனைகள்: வெள்ளி முதல் ஞாயிறு மாலை வரை, கல்யாணத்துக்கு மட்டும், வேறு யாருக்கும் மாற்றித் தரக்கூடாது, தெரு எனக்குச் சொந்தம் என்று எந்நாளும் நினைக்கக்கூடாது. நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூடாரம் எழும்பியது, பக்கத்து வீட்டு ஹாஜி அல்லால் மௌத்தாகிவிட்டார். பக்கத்து வீட்டில் துக்கத்தை வைத்துக்கொண்டு மேளம் கொட்டுவானா மனிதன்? துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரக் கூடாரத்தைக் கொடுத்துவிட்டேன்.

இன்று நகராட்சி அதிகாரி தௌஃபீக் வந்தார். உள்ளே குர்ஆன் ஓதுகிறார்கள்.

"என்னய்யா இது? கல்யாணத்துக்குத்தானே அனுமதி? துக்கத்துக்குத் தனி மனு போடணும்."

"போட்டா எப்பக் கிடைக்கும்?"

"பதினஞ்சு நாள்."

"அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் போயிருவாங்க. இது கல்யாணம்தான் ஐயா."

"பொண்ணு எங்க?"

"உள்ள அழுதுக்கிட்டிருக்கா."

"சரி, பொண்ணு அழறது வழக்கம்தான்" என்று எழுதிக்கொண்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க?"

அந்த நேரம் பார்த்து அவர்கள் தாஸாவிலிருந்து மூன்று கார்களில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள், தட்டு தட்டாக நாற்பது சர்க்கரைக் கூம்புகளோடு. ஓதும் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றார்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கும் சர்க்கரை, துக்கத்துக்கும் சர்க்கரை. ஹாஜியின் மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பதையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டான். திருப்பிக் கேட்க எந்த வாய்க்குத் துணிச்சல் வரும்? அதிகாரி முழுத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டு, துக்க வீட்டு கூஸ்கூஸையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை தெற்குக் கோடியில் தாக்லாவில் வேலை. அடுத்த லீவு ஒரு வருஷம் கழித்து. கிஸ்லானுக்கு முப்பத்து மூன்று வயது, இது மூன்றாவது தடவை தள்ளிப்போகிறது. நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. ஆகவே மச்சான், கல்யாணத்துக்கு அடுத்த கோடையில் நீங்கள் லீவு போட்டு வந்து சேருங்கள். உங்கள் முழங்காலுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மௌலூத்

பின்குறிப்பு: ஞாயிறு இரவு. லீவு போட வேண்டாம். இன்று காலை ஹாஜியின் மனைவி லல்லா ரஹ்மா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "செத்தது என் புருஷன். உம்ம பொண்ணு உயிரோட இருக்கா. கூடாரம் சாயங்காலம் வரைக்கும்தானே? மேளம் வேண்டாம், நிக்காஹ்வை முடிச்சிரும்!" மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை, முடித்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் பாதிப் பேர் லல்லா ரஹ்மாவின் மகனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள், மீதிப் பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். முதல் இரண்டு பேரைத் திருத்தினேன். கிஸ்லானின் கார் தெருமுனை திரும்பிய பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களை நான் திருத்தவில்லை.