டேகுக் கூட்டுக்கு வந்த எறும்புகள்

பாடசாலையில் சுகாதாரம் படிப்பிக்கிற ஒருத்திக்குத் தன் வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. நீரிழிவின் அறிகுறிகளைப் பிள்ளைகளுக்குத் தலைகீழாக ஒப்புவிக்கப் பழக்கியவள் நான். போன வருடம் அந்த அறிகுறிகளை என் வீட்டிலேயே கண்டுபிடித்தேன். ஆனால் பிழையான ஆளில்.

ஆள் என்று சொல்வதும் சரியில்லை. அது ஒரு டேகு. (நீங்கள் கேள்விப்பட்டிராவிட்டால் பரவாயில்லை, மன்னாரில் ஒருவருமே கேள்விப்பட்டிருக்கவில்லை.) அணிலுக்கும் எலிக்கும் நடுவில் நிற்கிற உருவம், நுனியில் குஞ்சம் வைத்த வால். தென்னமெரிக்க மலைகளில் காய்ந்த புல்லும் இலைகுழையும் தின்று வளர்ந்த சாதி. கொழும்பில் படிக்கும் என் மகள் அனிதாவின் சிநேகிதி ஒருத்தி, குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது இரண்டு டேகுகளை இவளிடம் கொடுத்துவிட்டாள். விடுதியில் வைத்திருக்க விடமாட்டார்கள். ஆகவே மிளகு, மல்லி என்று பெயர் வைத்த இரண்டும் பஸ்ஸில் அனிதாவின் மடியில் இருந்தபடி மன்னார் உப்புக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

"அம்மா, இதுகளுக்கு இனிப்பு மட்டும் குடுத்திடாதேங்கோ," என்றாள் அனிதா. "பழமும் கூடாது. சீனியை இதுகளின்ர உடம்பு தாங்காது. சலரோகம் வந்து கண்ணும் தெரியாமல் போயிடும்."

"அப்பான்ர சாதி எண்டு சொல்லு," என்றேன்.

படகு எஞ்சின் திருத்துகிற என் கணவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அவருக்கும் நீரிழிவு. வீட்டில் சீனிப் போத்தலை அலுமாரியில் பூட்டித் திறப்பை என் கைப்பையில் வைத்திருப்பவள் நான். அவர் விடயத்தில் எனக்குக் கவலையே இருக்கவில்லை.

கவலை முழுவதும் கூட்டின்மேல் திரும்பியது. நறுவிலிக்குளத்திலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், மருந்தடிக்காத வரம்புப் புல்லாகப் பார்த்து ஓர் உரப்பை கொண்டுவந்து தந்தார். அதை மதிலில் காயப்போட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் இரண்டு கழுதைகள் பாதியை முடித்துவிட்டன. (மன்னார்க் கழுதைக்கு டேகுவின் சாப்பாடு மிகவும் பிடிக்கும் என்பது என் கண்டுபிடிப்பு.) மிச்சத்தை வீட்டுக்குள் விசிறிக்குக் கீழே காயவைத்தேன். காலையில் வல்லாரை, ஒரு கிள்ளு முருங்கையிலை, பயற்றங்காய்த் துண்டு. பின்னேரம் ஆளுக்கொரு செவ்வரத்தம்பூ இதழ். நல்ல பிள்ளைகளாக இருந்தால் ஒரு பூசணி விதை. இதழை இரண்டு கையாலும் பிடித்து அவை கொறிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்து நான் பாடசாலைக்குப் பிந்தியதும் உண்டு.

சனம் பார்க்க வரத் தொடங்கியதுதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பார்க்கப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். குழந்தை பார்க்க வருவதுபோல வாழைப்பழமும் பேரீச்சம்பழமுமாக வந்தார்கள். பக்கத்து வீட்டு றெஜினாக்கா ஒரு தட்டு நிறையத் தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்புத் தொதலே கொண்டுவந்தா.

"ஐயோ அக்கா, இதுகளுக்கு இனிப்பு ஆகாது."

"எலிக்கு ஆகாதெண்டு எந்த ஊரில சொல்லுறது? எங்கட வீட்டு எலி போன நத்தாருக்குக் கேக்கே திண்டது. இண்டைக்கும் ஓடித் திரியுது."

தட்டைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. வாங்கி மேசையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தட்டு வெறுமை. நான் பாடசாலைக்குப் போன நேரம் றெஜினாக்காதான் வந்து ஆசையில் கூட்டுக்குள் போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். வேறு யாரையும் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் என் கணவர் திருந்திய மனிதராக இருந்தார். "புல்லு நான் போடுறன், நீர் போய்க் கொப்பி திருத்தும்," என்று காய்ந்த புல் உரப்பையைத் தானே எடுத்துக் கூட்டடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுத் திரிந்தார். மன்னார் வெயிலில் காலுறை. வயது போகப் போக மனிதருக்கு நாகரிகம் வருகிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் கூட்டடியில் எறும்பைக் கண்டேன். ஒன்றிரண்டல்ல, யன்னலிலிருந்து கூட்டடி வரைக்கும் கறுப்பு நூல் இழுத்ததுபோல ஒரு வரிசை. சிறுநீரில் எறும்பு மொய்த்தால் என்ன என்று என் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனும் சொல்வான். மல்லி வேறு மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. (அன்று நானும்தான் குடித்தேன். அப்படி வெக்கை.) அடுத்த கிழமை அனிதா வீட்டுக்கு வருகிறாள். கண் தெரியாத டேகுவை அவளிடம் எந்த முகத்தோடு கொடுப்பேன்?

கணவரின் சீனி பார்க்கிற கருவியில் மல்லியின் இரத்தம் ஒரு சொட்டைச் சோதிக்கலாம் என்று எடுத்தேன். வேலை செய்யவில்லை.

"அது பற்றரி தீந்து போச்சுது," என்றார் அவர், நான் கேட்பதற்கு முதலே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் சனம் நிற்க, றெஜினாக்காவை மறித்துக் கேட்டேன். "அக்கா, விளங்கக்கூடியதாத்தானே சொன்னனான், அந்த வாயில்லாச் சீவனுக்குத் தொதல் ஆகாதெண்டு. இப்ப அதுக்குச் சலரோகம்." றெஜினாக்காவின் முகம் சிவந்தது. "நான் உங்கட எலிக்கு ஊட்டிவிட வரேல்ல, டீச்சர்," என்றவ, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டா.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மிருக வைத்தியரின் கந்தோருக்கு ஃபோன் எடுத்தபோது, சாப்பிடுகிற சாப்பாட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

"புல்லு என்னத்துக்கு? புல்லெண்டா எல்லா இடமும் புல்லுத்தானே," என்றார் கணவர்.

"டொக்டர் கேக்கிறா."

"ஒரு பிடி காணும். பையோட என்னத்துக்கு?"

நான் உரப்பையை அப்படியே ஆட்டோவில் ஏற்றினேன். அவரும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். பாசம் என்றே நினைத்தேன்.

கந்தோரில் எங்களுக்கு முன்னால் ஆடுகளோடு நாலைந்து பேர். டொக்டர் இளம் பெண். மல்லியைத் துணியில் பொத்திப் பிடித்துக் கண், பல், வயிறு எல்லாம் பார்த்தா. சீனி பார்க்கிற தாள்துண்டு ஒன்றை நனைத்துச் சிறுநீரையும் பார்த்தா.

"சீனி இல்லை. நல்லா வளத்திருக்கிறீங்கள். எறும்பு எதுக்கு வந்ததெண்டு பாப்பம்." சொல்லிக்கொண்டே உரப்பையை மேசையில் கவிழ்த்தா.

புல்லோடு சேர்ந்து பனையோலைக் குட்டான்கள் உருண்டன. உள்ளே பனங்கட்டி. ஒன்று நிலத்தில் விழ, காத்திருந்த ஆடு ஒன்று ஓலையோடு கவ்வியது. ஆட்டுக்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இது ஆர் சாப்பிடுறது?" என்று டொக்டர் கேட்டா.

நான் மல்லியைப் பார்த்தேன். மல்லி என் கணவரைப் பார்த்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

"அது… நான்தான்," என்றார் அவர். "தொதலும் நான்தான். வீட்டில அவ கை வைக்காத இடம் அந்தப் புல்லுப் பை ஒண்டுதான்."

டொக்டர் சிரிக்கவில்லை. அவவின் பார்வை அவருடைய காலுறையில் நின்றது. பெருவிரல் பக்கம் ஈரமாக ஒரு கறை. "ஐயா, அதைக் கழட்டுங்கோ," என்றா. கழற்றினார். எஞ்சின் துண்டொன்று விழுந்து வந்த காயமாம். மாதக்கணக்காக ஆறவில்லையாம். என்னிடம் சொன்னால் சீனியைப் பார்ப்பேன், சீனியைப் பார்த்தால் பனங்கட்டி பிடிபடும் என்று, கருவியின் பற்றரியையும் அவரே கழற்றி ஒளித்திருக்கிறார்.

"எலிக்கு ஒண்டுமில்லை, டீச்சர். இவரை இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

அதே ஆட்டோவில் போனோம். மடியில் டேகுக் கூடு, பக்கத்தில் கணவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே உடனே கட்டிலில் படுக்கவைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, கூட்டை நிலத்தில் வைத்துவிட்டு அவர் காலடியில் இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தப் பயம் முற்றாகப் போகவில்லை. எறும்புகள் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் எழும்பிப் போய் ஒருமுறை அவர் காலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

றெஜினாக்கா ஆசுப்பத்திரிக்கே வந்தா. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முதல், கட்டிலைப் பார்த்துச் சொன்னா. "டீச்சர் சொன்ன வாயில்லாச் சீவன் இதுதானோ?" அவர் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். வழமைக்கு மாறாக அவவின் கையில் பயற்றங்காய்க் கட்டொன்று இருந்தது.

விரல் தப்பியது. சீனிப் போத்தலின் பூட்டை நானே கழற்றிவிட்டேன். பூட்டினால் அவர் புல்லுக்குள் போவார் என்பது தெரிந்துவிட்டதே. இப்போது காலையில் கணவரும் நானும் சேர்ந்தே வல்லாரை ஆய்கிறோம். கூட்டுக்குக் கொஞ்சம், சம்பலுக்குக் கொஞ்சம்.

அனிதா பின்னேரம் ஃபோன் எடுத்தால் இன்றைக்கும் முதற்கேள்வி அதுதான்.

"அம்மா, டேகு மூண்டும் சாப்பிட்டிட்டுதுகளோ?"

"ரெண்டு சாப்பிட்டிட்டுது. மற்றது இன்னும் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருக்குது."

"எனக்கும் ஒரு பூசணி விதை தரச் சொல்லு அம்மாவை," என்று கதிரையிலிருந்து குரல் வரும்.