ஆறு டிகிரி கௌரவம்

மனித குலம் கட்டியவற்றுள் உயர்ந்தது எது என்று கேட்டால் சிலர் தேவாலயம் என்பார்கள், சிலர் பாலம் என்பார்கள். அவர்கள் எங்கள் வீட்டு நிலவறையைப் பார்க்காதவர்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை.

நான் எவரிஸ்த் கஸ்தெனாக். போர்தோவுக்கு வடக்கே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு ஒயின் தயாரிக்கிறது. தயாரிப்பது யாருக்கும் வரும். திராட்சையைத் தொட்டியில் கொட்டினால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். வைத்துக் காப்பதில்தான் வம்சத்தின் பெருமை இருக்கிறது. ஒயின் முதிர்வதற்குக் குளிர் வேண்டும். இருட்டு வேண்டும். தக்கை காய்ந்துபோகாதபடி காற்றில் ஈரம் வேண்டும். அசைவு கூடவே கூடாது. இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்துவைத்திருப்பது வேறு, அதற்காகவே வாழ்வது வேறு.

அக்கம்பக்கத்தார் தங்கள் நிலவறைகளைப் பன்னிரண்டு டிகிரியில் வைத்துக்கொண்டு 'போதும்' என்கிறார்கள். போதும் என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. என் பேத்தி க்ளெமான்ஸ் பிறந்த ஆண்டில் பாரிஸிலிருந்து ஒரு 'மது அமைதி ஆலோசகரை' வரவழைத்தேன். அவர் கருப்பு உடையில் வந்து, டாக்டர்கள் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயை எங்கள் புட்டி ஒன்றின் வயிற்றில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"இவருக்குப் பதற்றம் இருக்கு" என்றார்.

"யாருக்கு?"

"இந்தப் பாட்டிலுக்குத்தான். மேல யாரோ நடக்கறாங்க."

"அது என் மனைவி."

"அவங்கள நிறுத்த முடியுமா?"

முழுவதும் நிறுத்துவது சிரமம் என்றேன். பெருந்தன்மையோடு ஒரு சமரசத்துக்கு வந்தோம். அன்று முதல் என் மனைவி ஒர்தான்ஸ் கம்பளிச் செருப்பில் நடமாடுகிறாள். சலவை இயந்திரம் அவளுடைய தங்கை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அழுக்குத் துணிகளோடு அவளும் அங்கே போவாள். துணிகளும் அவளும் ஒரே மாதிரி மலர்ச்சியோடு திரும்புவார்கள். டிராக்டரை வாசலுக்கு வெகு தூரத்திலேயே அணைத்துவிட்டுக் கையால் தள்ளி வந்தோம். தேவாலய மணியைக் கொஞ்சம் 'தாழ்ந்த குரலில்' அடிக்கும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டேன். க்ளெமான்ஸ் தவழத் தொடங்கியபோது அவள் முழங்கால்களில் பஞ்சு வைத்துக் கட்டினோம். நிலவறைக்கு ஒரு குளிரூட்டும் இயந்திரம் வந்தது. அதன் அதிர்வு ஆகாது என்பதால் அதைப் பக்கத்துத் தோட்டத்தில் நிறுத்திக் குழாய் வழியே குளிரை மட்டும் வரவழைத்தோம். ஆறு டிகிரி! போர்தோ முழுவதிலும் இப்படி ஒரு குளிர் இல்லை. ஆலோசகரே சால்வை கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த ஆண்டின் ஒயினைத் தனியே எடுத்து வைத்து, அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் திறப்பார்கள். எடுத்து வைக்கும் பாதியை எங்கள் குடும்பம் ஒருபோதும் தவறவிட்டதில்லை. திறக்கும் பாதிக்குத்தான் காலம் கனியவில்லை. என் கல்யாணத்தன்று என் தாத்தா என் ஆண்டின் புட்டியை உற்றுப் பார்த்துவிட்டு 'இன்னும் ஆகவில்லை' என்று தீர்ப்பளித்தார். என் மகனின் கல்யாணத்தில் என் தந்தையும் அப்படியே. தீர்ப்பளித்தவர்கள் போய்விட்டார்கள். புட்டிகள் இருக்கின்றன.

இந்த நிலையில்தான் க்ளெமான்ஸ் என் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, எனக்குக் கல்யாணம். நம்ம வீட்டு முற்றத்துலதான். என் வருஷத்து ஒயின் வேணும், ஆட்டமும் வேணும்."

"முற்றத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமே, என் வருஷத்து ஒயின்."

"மேல ஆடினா அது கலங்கிப்போகும்மா."

"ஆடலன்னா நான் கலங்கிப்போவேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் கட்டிக்கப்போற சில்வேன் ஊர்லயே வெச்சுக்கறேன். நீங்க பாட்டிலுக்குக் காவலா இங்கயே இருங்க."

கஸ்தெனாக் வீட்டுப் பெண் வேறொரு வாசலிலிருந்து மணப்பெண்ணாகப் புறப்பட்டதில்லை. அப்படி ஒன்று நடந்தால் சந்தைக்கு நான் எந்த முகத்தோடு போவேன்? ஒரு பக்கம் புட்டிகளின் அமைதி, மறுபக்கம் வாசலின் மானம். வாசலையே தேர்ந்தெடுத்தேன். மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

தெற்கே, பைன் காடுகள் அடர்ந்த லாந்து பக்கம். அங்கே கல்யாணம் என்றால் ஆள் உயரத்துக்கு மரக்கால்களைக் கட்டிக்கொண்டு, தரை அதிர அதிர ஆடுவார்கள்.

பேச்சுவார்த்தைக்கு மாப்பிள்ளையின் அப்பா காஸ்தோன் வந்தார். பெருத்த உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் 'வணக்கம்' என்றதிலேயே அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. குடும்ப 'மாமன்றம்' கூடியது. நான் தலைமை வகித்தேன்.

"சம்பந்தி, எத்தன பேரு ஆடுவாங்க?"

"கால் இருக்கறவங்க எல்லாரும்."

"அவ்வளவு உயரத்துல ஏறி நின்னு ஆடணும்னு என்ன கட்டாயம்?"

"அந்தக் காலத்துல சதுப்புல ஆடு மேய்க்க ஏறினோம். இப்போ சம்பந்தி வீட்டுக்காரங்கள மேலேருந்து பார்க்க ஏறறோம்" என்று சொல்லிச் சிரித்தார். கீழே புட்டிகள் நிச்சயமாகத் திடுக்கிட்டிருக்கும்.

"சிரிப்பக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்றேன்.

"கல்யாணத்துலயா?"

"கல்யாணத்துலதான் முக்கியமா."

நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானங்கள் நிறைவேறின. மரக்கால்களின் நுனியில் கம்பளி சுற்றப்படும். அக்கார்டியன் வாசிப்பவர் பாதி மூச்சில் வாசிப்பார். சிரிக்க வேண்டியவர்கள் கீழே புட்டி இல்லாத வடக்கு மூலைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வரலாம். அதற்காக நானே சுண்ணாம்புக் கட்டியால் 'சிரிப்புப் பகுதி' என்று எல்லை வரைந்தேன்.

"முத்தம் குடுத்துக்கலாமா தாத்தா?" என்று க்ளெமான்ஸ் கேட்டாள்.

"உட்கார்ந்துக்கிட்டு" என்றேன்.

கல்யாண நாளும் வந்தது. உடல் சூடு நிலவறைக்குள் போகக் கூடாதென்று காலையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடியில் நடுங்கி நின்றேன். பிறகு உள்ளே போய், க்ளெமான்ஸ் பிறந்த ஆண்டின் புட்டிகளைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். முற்றத்தில் எல்லோரும் பூண்டு சூப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். ஒயினை ஊற்றச் சொல்லிவிட்டு, ஆறு டிகிரி பற்றிச் சிறிய உரை ஒன்று ஆற்றினேன். அது சிறியதல்ல என்று ஒர்தான்ஸ் பிறகு சொன்னாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பருகினார்கள். ஒரே நேரத்தில் எல்லா முகங்களும் சுருங்கின. பச்சை அக்ரூட் தோலைக் கடித்தவர்களைப் போல வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு கட்டுப்பாடான மௌனத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. மனம் நெகிழ்ந்துவிட்டது.

காஸ்தோன்தான் முதலில் நாக்கைப் பிரித்தெடுத்தார்.

"சம்பந்தி, இது எந்த வருஷத்து?"

"உங்க மருமக பொறந்த வருஷத்து."

"அவ வளர்ந்துட்டா. இது வளரலயே!"

இதில் இருக்கும் விஞ்ஞானம் பாமரருக்குப் புரியாது. வெப்பத்தில் ஒயின் ஓடி ஓடி முதிர்கிறது. மிதமான குளிரில் நடந்து நடந்து முதிர்கிறது. எங்கள் ஆறு டிகிரியில் அது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அசையாதே என்றோம், அசையவில்லை. இப்படிச் சொன்ன சொல் கேட்கும் ஒயின் வேறு யார் வீட்டில் இருக்கிறது?

பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. காஸ்தோன் தன் கோப்பையை எடுத்து, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த பூண்டு சூப்பில் கவிழ்த்தார். எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் மலிவு ஒயினை அப்படிச் சூப்பில் கலந்து, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பார்கள். கஸ்தெனாக் ஒயினுக்கா அந்தக் கதி!

"சம்பந்தி! என்ன காரியம் பண்றீங்க!"

"பூண்டுகூட சேர்ந்தா அடங்குது சம்பந்தி. நீங்களும் ஊத்திப் பாருங்க."

மேசை முழுவதும் ஊற்றியது. பாதிரியாரும் ஊற்றினார். மணமகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒர்தான்ஸ் எழுந்தாள். கம்பளிச் செருப்புகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெறுங்காலோடு சமையலறைக்குப் போய், மாடிப்படிக்குக் கீழே அடுப்பை ஒட்டியிருக்கும் அலமாரியிலிருந்து தூசி படிந்த புட்டிகளைக் கூடையில் கொண்டுவந்தாள்.

"அதே வருஷம், அதே ஒயின். சாஸுக்குன்னு அப்பவே எடுத்து வெச்சேன்" என்றாள்.

"அடுப்புக்குப் பக்கத்துலயா!"

"ஆமாங்க. நீங்க வெளிய போனப்பல்லாம் இவ அந்தப் படியிலதான் குதிச்சு வெளையாடுவா."

வெப்பம், வெளிச்சம், வெங்காய நெடி, குழந்தையின் குதியாட்டம்: ஆலோசகர் தடை செய்த எல்லாம் அங்கே ஒன்றுகூடியிருந்தன. அந்தப் புட்டிகளைத் திறந்தார்கள். முதல் மிடறில் எல்லோரும் கோப்பைக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது மிடறில் முற்றமே கூவியது. க்ளெமான்ஸ் பாட்டியைக் கட்டிக்கொண்டு, "என் வருஷம்! என் வருஷம்!" என்று கத்தினாள். குடும்பத் தலைவன் என்ற முறையில் நானும் ஆய்வு செய்தேன். மூன்று கோப்பை ஆய்வு செய்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஆய்வு என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா?

அதன் பிறகு ஒரு தீர்மானமும் நிற்கவில்லை. மரக்கால்களின் கம்பளி உரிந்து பறந்தது. அக்கார்டியன் முழு மூச்சில் முழங்கியது. சிரிப்புப் பகுதி நாலாபுறமும் விரிந்து வீட்டையே விழுங்கியது. காஸ்தோன் என் மனைவிக்கு, எனக்கு மாலையிட்ட ஒர்தான்ஸுக்கு, மரக்கால் கட்டிவிட்டார். அவள் கூரை ஓட்டுக்குச் சமமாக உயர்ந்து நின்று, ஊர் கேட்கக் கூவினாள்:

"என்னங்க! இங்கேருந்து உங்க வழுக்க பளபளன்னு தெரியுது!"

புட்டிகளை ஆறுதல்படுத்த நான் நிலவறைக்குள் இறங்கினேன். சற்று நேரத்தில் க்ளெமான்ஸ் கதவைத் திறந்துகொண்டு வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து பிற்பகல் வெயிலும், பாட்டும், பூண்டு வாசனையும் மொத்தமாக உள்ளே புகுந்தன.

"மேல வாங்க தாத்தா. உங்களுக்கும் ஒரு ஜோடி கட்டை வெச்சிருக்கோம். நான் புடிச்சுக்கறேன், விழ மாட்டீங்க."

"கதவ மூடு. சூடு உள்ள வருது."

"அப்ப நீங்க?"

"மொதல்ல கதவ மூடும்மா!"

பெரியவர் சொல்லைத் தட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கதவை மூடிவிட்டாள்.

இங்கே ஒரு குறையும் இல்லை. குளிர் சரியாக இருக்கிறது. இருட்டும் ஈரமும் அளவோடு இருக்கின்றன. மேலே என் குடும்பம் முழுவதும் வெயிலிலும் சத்தத்திலும் மளமளவென்று கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. நான் மட்டும் துளியும் அசையாமல், பிறந்த நாளில் இருந்த அதே துவர்ப்போடு, பழுதில்லாமல் பாதுகாக்கப்பட்டிருக்கிறேன்.