பிரியாணி சாப்பிட்டுப் பட்டினி கிடந்த பதினாறு பேர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு ஒரு வியாதி இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழாது.

குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி, ஆற்காட்டில் மிட்டாய்க் கடை என்று எங்கேயும் ஒரு வருஷம் தங்காமல், கடைசியில் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சேர்ந்தேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடும் வேலை. விரல் வெந்து உரியும். (மாட்டுத் தோலோடு என் தோலும் இலவசம்.)

அங்கே ஒரு டாக்டரம்மா வந்தார். சாப்பிடாத வயிற்றில், நல்ல உடம்புக்கு இன்சுலின் எவ்வளவு இருக்க வேண்டும், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, எந்த வயதில் எவ்வளவு என்று ஆய்வு செய்கிறாராம்.

"பதினாறு பேரைச் சரியா கூட்டிட்டு வாங்க. ஆய்வு முடியற வரைக்கும் உங்களையே உதவிக்கு வெச்சுக்கறேன்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து பெயர் எழுதும் வேலை! அன்றே சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டேன்.

"ஃபாஸ்டிங்ல வரணும்" என்று சொல்லி, எல்லோருக்கும் கொடுக்க விளக்கத் தாள்கள் தந்தார். நான் பிரிக்கவே இல்லை. ரம்ஜான் மாதத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் விடியும் முன் சஹர் சாப்பிட்டுவிட்டு, பிறகு சொட்டுத் தண்ணீர் தொடாமல் இருப்பதைப் பார்த்தவனுக்கு ஃபாஸ்டிங் தெரியாதா? உத்தரவு போட்டேன்: "விடியறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சாப்ட்டுடணும். அப்புறம் தண்ணி கூட கூடாது."

தோல் தரம் பிரிக்கும் மும்தாஜ் அக்காவுக்குச் சந்தேகம். ஐம்பதைத் தாண்டியவர். அந்த வயதில் பெண்கள் கிடைக்காமல் நான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவர். ஊசி என்றாலே நடுங்குவார்.

"ரத்தம் எடுக்க சஹர் எதுக்குப்பா? இன்னா சொல்றே நீ?"

"நோன்பு வெக்கிற உங்களுக்கே நான் சொல்லித் தரணுமா அக்கா?"

அக்கா அடங்கிவிட்டார்.

காலை எட்டு மணி. "எல்லாரும் ஃபாஸ்டிங்தானே?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணி கூட தொடலம்மா!" பதினாறு குரல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அக்காவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. கண்ணை மூடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டாக்டரம்மா இட்லிப் பொட்டலம் நீட்டினார்.

"ராத்திரியிலேர்ந்து பட்டினி. சாப்பிடுங்கம்மா."

"வேணாம்மா. பிரியாணி இன்னும் நெஞ்சுலயே நிக்குது. ஜாஸ்தியா சாப்ட்டுட்டேன்."

"எப்ப?"

"நாலரைக்கு."

டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் விடாமல் முழுச் சாப்பாடு. சாப்பிட்டால் இன்சுலின் ஏறிவிடுமாம். பதினாறு பேர் ரத்தமும் வீண்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி மட்டும்னு தமிழ்லயே போட்டிருக்கே! யார் இப்படிச் சொன்னது?"

தமிழிலேயே! அத்தனை தாள்களும் என் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அக்கா, கையில் பஞ்சை அழுத்தியபடி, "நாங்களே அப்படி நெனச்சிக்கினோம்மா. தம்பி மேல தப்பு இல்ல" என்றார்.

நாற்காலி போய்விடுமே என்று, அவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ இடத்தில் என்னைத் துரத்தியிருக்கிறார்கள், அதெல்லாம் பெரிதில்லை. அன்று அப்படி நின்றதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

மறுவாரம் அக்கா உண்மையான பட்டினியோடு வந்து மறுபடி கையை நீட்டினார். ஊசி படும் முன்பே, "மேடம், சொன்னது நான்தான்" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்" என்றார் டாக்டரம்மா, தலை நிமிராமல். "பதினாறு பேரும் ஒரே மாதிரி தப்பா நினைக்க மாட்டாங்க."

நாற்காலியில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் சிரித்தார். "வாய் தொறக்க ஒரு வாரம் ஆச்சா உனக்கு?"

என் கல்யாணத்துக்கு வந்தவர், மணப்பெண்ணிடம் முதலில் சொன்னதே இந்தக் கதையைத்தான். இன்றும் வீட்டில் யாருக்காவது ரத்தப் பரிசோதனை என்றால், முதல் நாள் சாயங்காலமே என் மனைவி பிள்ளைகளை எச்சரித்துவிடுவாள்:

"இன்னா சந்தேகம்னாலும் என்னைக் கேளுங்க. அப்பாகிட்ட போய்டாதீங்க. பிரியாணி போட்டு பட்டினி போட்ட மனுஷன் அவரு."