எஞ்சினுக்குத் திருநீறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் தம்பியின் கலியாண நாளில் நடந்ததற்கு எங்கள் குடும்பம் முழுவதும் என்னைத்தான் குற்றம் சொல்கிறது. சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் கார் எங்கே ஒழுகியது என்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அதை மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. கரவெட்டியில் இருந்து நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வருவேன். என் கணவருக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக் கூடாது. (காரையா, நான் அதை ஓடுவதையா என்று இன்றுவரை தெளிவாகவில்லை.) கலியாணத்துக்கு முந்தின கிழமை காருக்குக் கீழே கறுப்பாகச் சில சொட்டுகள் கிடந்தன.

"ஏ.சி. தண்ணியாயிருக்கும்" என்றார் இவர், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல்.

நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. "தண்ணி கறுப்பா இருக்குமோ? இது எஞ்சின் ஒயில்."

பேப்பரை மடித்தார். "அப்ப விப்பம். எப்பவோ விக்கச் சொன்னனான்."

"தம்பியை நான்தானே கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லியிருக்கிறன்!"

"சரி. மாப்பிள்ளையைக் கரைச்சல் இல்லாமல் கொடிகாமத்துக் கலியாண மண்டபத்திலை கொண்டுபோய் இறக்கினீரெண்டால் கார் உம்மடை. இல்லாட்டி அடுத்த கிழமையே விப்பன். பிறகு அழக்கூடாது."

நான் அழுகிற ஆளா?

ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சினைத் துடைத்துக் காயவிட்டு, மேலே பவுடர் தூவி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். வீட்டில் இருந்த ஒரே பவுடர் டப்பா தம்பியிடம். மாப்பிள்ளை அதைக் கையைவிட்டு விடுவதாக இல்லை. சைவக் குடும்பத்தில் வெள்ளைத் தூளுக்கா பஞ்சம்? சாமி அறையில் ஒரு பை நிறையத் திருநீறு இருந்தது. அள்ளிக்கொண்டு போய், குழாய், மூட்டு, மூலை ஒன்றுவிடாமல் பூசினேன். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டேன். வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு மெல்ல இறங்கியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

எஞ்சின் எண்ணெயை ரேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கூலருக்குக் கொண்டுபோய், ஆறவிட்டுத் திருப்பிக் கொண்டுவர இரண்டு ஹோஸ்கள் உண்டு. அதில் ஒன்று, இரும்பு மூட்டோடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது. நெல்லியடிக் கடைகளில் கேட்டேன். கொழும்பில் இருந்துதான் வரவேண்டும், கலியாணத்துக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றார்கள்.

எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினின் பழைய ரப்பர் ரியூப் கொட்டிலில் கிடந்தது. அந்த வேகத்தில் வரும் தண்ணீரைத் தாங்குகிற ரியூப் எண்ணெயைத் தாங்காதா? அளவாக ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். குறைந்திருந்த எண்ணெயை விட்டு நிரப்பினேன். நெல்லியடிச் சந்திவரை ஓடிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. (தண்ணீர் ரியூப் எண்ணெயில் ஊறினால் வீங்கி இளகிவிடும் என்பது பின்னர் பெற்ற அறிவு.)

கலியாணத்தன்று தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தம்பியை முழுக வார்த்து, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் காரில் ஏற்றினோம். பக்கத்தில் தோழன், அதாவது பொம்பிளையின் தமையன். முன்சீற்றில் இவர். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் தோழியும் நானே, டிரைவரும் நானே. தோழி கார் ஓடக் கூடாதென்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது? பெரிய மாமா, மேளகாரர், வீடியோக்காரர் எல்லோரும் பின்னால் ஒரு வான் வண்டியில் வந்தார்கள்.

வரணி வயல்வெளியில் போகும்போது டாஷ்போர்டில் எண்ணெய் லைற் சிவப்பாகப் பற்றியது. அந்த நிமிடமே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அதனால்தான் எஞ்சின் தப்பியது. இதையும் ஒருவரும் கதைப்பதில்லை.

பொனற்றைத் திறந்தேன். துடைக்க மறந்த திருநீற்றின் மேல் எண்ணெய் வழிந்து கிடந்தது. தோழனின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, உது என்ன... காருக்கு ஏதும் செய்வினை எடுத்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி, ஒழுக்குப் பாத்தனாங்கள்."

தோழன் நம்பவில்லை. உடனே போனை எடுத்துக் கொடிகாமத்துக்குக் கதைக்கத் தொடங்கினார். இவர் இறங்கி வந்து "நான் அப்பவே சொன்னனான்" என்று ஆரம்பித்தார். நானும் சளைக்கவில்லை. எங்கள் வாக்குவாதம் முடிவதற்குள் எண்ணெய் நன்றாக ஆறிவிட்டது. (அந்த வாக்குவாதத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.)

ரியூப் கிளிப்பில் இருந்து கழன்றுதான் போயிருந்தது. திருப்பிச் செருகி இறுக்கினேன். காரில் வைத்திருந்த எண்ணெயை விட்டேன். "இஞ்சருங்கோ, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ, பிடிச்சு நிக்குதோ எண்டு பாப்பம்" என்றேன்.

பொறுமை கெட்ட தம்பி அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து குனிந்தான். "அக்கா, முகூர்த்தத்துக்கு..."

அவன் வசனத்தை முடிக்கவில்லை. ரியூப் கழன்று, எண்ணெய் பீறிட்டு, மாப்பிள்ளையைத் தலைப்பாகையில் இருந்து வேட்டிவரை முழுக வார்த்தது.

பின்னால் நின்ற வானுக்குள் இருந்து பெரிய மாமாவின் குரல் கேட்டது. "காலமை பாலும் அறுகும் வைச்சது காணாதெண்டு எண்ணெயும் வைச்சிட்டாள்!"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழவில்லை, அழுவதற்கு நேரமும் இல்லை. "வேட்டியைக் கழட்டுங்கோ" என்றேன் இவரிடம்.

"என்னது?"

"உங்கடை வேட்டிதான் பட்டு. கழட்டித் தம்பிக்குக் குடுங்கோ!"

நடு வெளியில், வானுக்குப் பின்னால், வேட்டியும் சட்டையும் கைமாறின. தலைப்பாகையைக் கறை பின்னால் போகும்படி திருப்பி வைத்தேன். காரை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் வானில் நெருக்கி ஏறினோம். மாப்பிள்ளை தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இடையில் செருகி இருந்துகொண்டு, மேளகாரரின் வானில் மண்டபத்தில் போய் இறங்கினார். தாலி கட்டும்போது தோழியாக நான் விளக்கோடு பின்னால் நின்றேன். என் சேலையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்த ஐயர், விளக்கை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. இவர் எண்ணெய் வேட்டியோடு கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தார்.

வீடியோக்காரர் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தார். பந்தி முடிவதற்குள் அந்த எண்ணெய் முழுக்கைக் கனடாச் சித்திவரை எல்லோரும் பார்த்தாயிற்று. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது கலியாணம் பேசினால், "மாப்பிள்ளைக்கு ஒரு மாற்று வேட்டி வைச்சிருங்கோ, அக்காவும் வாறா" என்பார்கள். தம்பி மனைவிதான் பெரிதாகச் சிரிப்பாள்.

இவர் சொன்ன சொல்லில் நின்றார். ஹோஸ் வந்ததும் கராச்சில் மாற்றுவித்து, அடுத்த நாளே விற்க விளம்பரம் போட்டார். பருத்தித்துறையில் இருந்து ஒருவர் போன் எடுத்தார். இவர் காரின் நிறத்தைச் சொன்னார், எங்கள் ஊரைச் சொன்னார். மறுபக்கத்தில் இருந்தவர் இடைமறித்தார்.

"அண்ணை, மாப்பிள்ளைக்கு எண்ணெய் வார்த்த கார்தானே? வீடியோ பாத்தனான். மனிசி ஓமெண்டு சொல்லமாட்டா. வேண்டாம்."

சாவகச்சேரிக்காரரும் அதையே சொன்னார். உடுவிலில் இருந்து வந்தவர் காரைப் பார்க்கவேயில்லை. வேட்டி கழற்றியவர் யார் என்றுதான் கேட்டார்.

அன்று பின்னேரம் இவர் கார்த் திறப்பைச் சாவி வளையத்தோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒருத்தரும் வாங்கமாட்டினமாம். நீரே வைச்சு ஓடும்."

அந்தக் காரைத்தான் இன்றும் ஓடுகிறேன்.