சம்பந்தியம்மாளுக்கு லாட்விய மொழியில் ஒரு கடிதம்

மயிலாப்பூர்,
ஆடி கடைசி வெள்ளி.

சிரஞ்சீவி ஸ்நேஹாவுக்கு அப்பா வெங்கடரமணன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் க்ஷேமம், என்னைச் சேர்க்காவிட்டால். ரீகாவில் நீயும் மாப்பிள்ளை யானிஸும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும்.

"அவன் அம்மா இல்ஸே ஆன்ட்டிக்கு லாட்விய மொழி மட்டும்தாம்ப்பா தெரியும். உன் கையால நாலு வரி வந்தாத்தான் தை மாசம் ஃப்ளைட் ஏறுவா. அவ வராம அவன் தாலி கட்டமாட்டான்" என்று ஆனி மாதம் நீ சொன்னாய். நீயே எழுதித் தருவதாகவும் சொன்னாய். நான்தான் வேண்டாமென்றேன். முப்பத்து நான்கு வருஷம் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு ஓர் அகராதி போதாதா என்ற திமிர்.

லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் ஆங்கில-லாட்விய அகராதி கிடைத்தது. முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, பிறகு சொல் சொல்லாக மாற்றினேன். அங்கேதான் சனி பிடித்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 'லைட்' என்றால் நமக்கு ஒரே சொல். விளக்கும் லைட், காப்பியும் லைட், புடவையின் நிறமும் லைட். லாட்வியாவில் அவர்கள் மூன்று பேரும் தனித்தனிக் குடித்தனம், வெளிச்சத்துக்கு ஒரு சொல், கனமில்லாததற்கு ஒன்று, வெளிர் நிறத்துக்கு ஒன்று. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? என் மாணவர்களுக்கு நான் சொல்லிவந்தது ஞாபகம் வந்தது: "சந்தேகம் வந்தால் அகராதியில் முதலில் இருப்பதை எழுது." அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் என்ன ஆனார்களோ, பாவம். நான் அப்படியே எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஜெராக்ஸ் கடை யாசிரிடம் கடிதத்தின் நகலைப் பெருமையாகக் காட்டினேன். அவன் போனை அதன்மேல் பிடித்தான். போன் அதைத் தமிழாக்கிக் கொடுத்தது. படித்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா வாத்தியாரே, பொண்ணு கல்யாணம்னு சொன்ன? 'எங்கள் பெண் ஒரு ரகம்'னு கீது!"

அன்பானவள் என்பதற்கு 'கைண்ட்' போட்டிருந்தேன், ஸ்நேஹா.

"இரு, இன்னும் கீது. 'இது மிக நல்ல தீக்குச்சி.' சர்தான், யாரு வூட்டக் கொளுத்தப் போற? 'எங்கள் சாப்பாடு வெளிச்சம்.' கடைசீல பாரு, 'தயவுசெய்து பேரீச்சம்பழத்தை ஆணியடித்துப் பொருத்தவும்.' இது இன்னாபா?"

நல்ல பொருத்தம் என்பதற்கு 'மேட்ச்', தேதியை உறுதிசெய்ய 'ஃபிக்ஸ் தி டேட்' என்று எழுதியிருந்தேன், அம்மா. வேறொன்றுமில்லை.

கடையில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள். தபால் நிலையத்துக்கு ஓடினால், வெளிநாட்டுத் தபாலெல்லாம் அன்றன்றே போய்விடும் என்றார்கள். அன்றிலிருந்து ஐந்து வாரமாக எனக்கு இட்லி இறங்கவில்லை. கபாலீஸ்வரரிடம் போய் நின்றால், இதை அவரிடம் எந்த பாஷையில் முறையிடுவது என்றே புரியவில்லை. போன ஞாயிறு நீ, "இல்ஸே ஆன்ட்டி முகமே சரியில்லப்பா, உன் லெட்டர்..." என்று ஆரம்பித்தாய். மேலே கேட்கத் தைரியமில்லாமல், குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று நம் வீட்டில் குக்கரே வைக்கவில்லை.

எப்படியாவது அந்த அம்மாளிடம் சொல். உன் அப்பன் பைத்தியமில்லை, வீட்டைக் கொளுத்துகிற ஜாதியில்லை, பேரீச்சம்பழத்தைத் தின்பதோடு சரி. நான் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று அவர் நினைத்தால், ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். என்னால் உன் கல்யாணம் நின்றது என்று மட்டும் ஆகிவிட வேண்டாம்.

தீர்க்காயுசாக, மனநிறைவோடு இரு. ரீகாவில் நம்மை இன்னும் மனிதர்களாக நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
வெங்கடரமணன்

பி.கு.: இந்த உறையை ஒட்டப் பசை தேடிப் பூஜை அலமாரியைத் திறந்தேன். பஞ்சாங்கத்துக்கு அடியில் லாட்வியக் கடிதம் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள்.

"ஏன்னா இப்படி முழிக்கறேள்? நீங்க குடுத்த அன்னிக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. அப்புறம் உங்களுக்குச் சந்திராஷ்டமம். அது முடியறதுக்குள்ள ஆடி பொறந்துடுத்து. சம்பந்திக்கு மொதக் கடுதாசை ஆடியிலயா போடுவா?" என்கிறாள் கோமளம்.

அந்த அம்மாளின் முகம் வாடியது கடிதம் வந்ததால் அல்ல, வராததால் என்று இப்போதுதான் புரிகிறது. நாற்பது வருஷத்தில் முதன்முறையாக உன் அம்மாவின் பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மேலே எழுதியதை மறந்துவிடு. பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு, இல்ஸே அம்மாளுக்குத் தமிழிலேயே நாலு வரி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நீயே படித்துச் சொல். ஆவணி பிறக்க மூன்று நாள் இருக்கிறது என்று உன் அம்மா உறைக்குக் கை நீட்டுகிறாள். நான் யாசிரிடம் கொடுத்து இன்றே போடச் சொல்லப்போகிறேன்.