கண்டுக்கிடாத படம்

மனிதன் கற்ற கலைகள் ஏராளம். நெருப்பு மூட்டினான், நெல் விதைத்தான், நூல் நூற்றான். ஆனாலும் அவன் முழு மனிதன் ஆனது, எதிரே கேமரா நிற்பது நன்றாகத் தெரிந்தும் தெரியாததுபோல நடக்கப் பழகிய அன்றைக்குத்தான். அந்த மாபெரும் கலைக்கு 'கேண்டிட்' என்று பெயர். இராஜபாளையம் சிவபாண்டி ஒரே காலைப்பொழுதில் இக்கலையில் தேர்ச்சி பெற்ற வரலாறு இன்னும் பாடப் புத்தகத்தில் ஏறவில்லை. அந்தக் குறையை நாமாவது தீர்த்துவைப்போம்.

சிவபாண்டி, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற மில்லில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். யாரிடமும் 'முடியாது' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லமாட்டார். 'லீவு இல்லை' என்று மட்டும் சொல்வார். அதிலும் மாமனார் சோணைமுத்துவிடம் சொல்லும்போது ஒரு தனி அழகு வந்துவிடும்.

சோணைமுத்துவுக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில். தென்னந்தோப்பு மகாராஜபுரத்தில். அந்தத் தோப்பில் மாப்பிள்ளை விருந்துக்கென்றே ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வளர்த்துவந்தார். பொங்கலுக்கு வாங்க மாப்ள, கிடா தயார் என்றார். லீவு இல்லை. பங்குனிக் கோயில் கொடைக்காவது மகளைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றார். லீவு இல்லை. இதற்குள் கிடாவுக்குத் தாடி முளைத்துவிட்டது.

“மாமா, ஒலகம் பூராம் எவனாவது ஒருத்தன் தினமும் கீழ விழுந்துகிட்டேதான இருக்கான்? நாங்க ஒருநாள் மில்ல நிறுத்திட்டா, அவனுக்குக் கட்டுப்போடத் துணி ஏது?” என்று சிவபாண்டி போனில் கேட்டார்.

சோணைமுத்து நெகிழ்ந்துபோனார். “அதுவுஞ் சரிதான் மாப்ள. ஊரான் காயம் பெருசு. கிடா எங்க போயிரப் போவுது? நிக்கட்டும்.”

கிடா நின்றது.

இப்படி உலகத்தின் காயங்களும் சோணைமுத்துவின் கிடாவும் அமைதியாக இருந்த நாளில்தான், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் மாரிச்செல்வி, சிவபாண்டி மனைவி செல்வலட்சுமியின் கூடப்பிறந்த தங்கை. அவளும் புருஷனும் ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய ஊரில், கல் பாவிய தெருவில், கை கோத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்ன நகைச்சுவை என்று படத்தில் தெரியவில்லை. அன்று ராத்திரி சிவபாண்டியின் தட்டில் தோசை விழுந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

“தங்கச்சி படம் பாத்தியளா?”

“பாத்தேன். ரோடு மோசமாக் கெடக்கு. தார் போடலபோல.”

“அது ஓல்டு டவுனுங்க! வரலாற்று ஊரு! அங்க போயி தனியா ஒரு போட்டோகிராபரை வச்சு எடுத்திருக்கா. பிரைவேட் வெக்கேஷன் போட்டோஷூட்டாம். நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து எடுத்த ஒரே படம் ஆதார் கார்டுலதான் இருக்கு.”

சிவபாண்டி தட்டை ஓரமாகத் தள்ளினார். இருவரும் சேர்ந்து செல்போனைத் தடவினார்கள். 'காலம் கடந்த கணங்கள்' என்ற உயர்ந்த நிறுவனம் கண்ணில் பட்டது. 'உங்களுக்கு மிக அருகில் உள்ள வரலாற்று நகரம்' என்ற பட்டனை அமுக்கினார்கள். வட்டம் சுற்றியது. சுற்றி முடித்துப் பதில் சொன்னது: ஸ்ரீவில்லிபுத்தூர்.

செல்வலட்சுமி பட்டனை மறுபடி அமுக்கிப் பார்த்தாள். அதே பதில். அவள் பிறந்த ஊர், பள்ளிக்கூடம் போன ஊர், சைக்கிள் பழகி முன்பல்லை உடைத்துக்கொண்ட ஊர், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரலாற்று நகரம் ஆகியிருந்தது.

“பக்கத்து ஊருங்க. ஆனா ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வரலேன்னா அப்பா மனசு என்ன பாடு படும்?”

“வீட்டுக்குப் போனா கிடாவ வெட்டுவாவ. வெட்டுனா சாயங்காலம் ஆயிரும். பொறவு, 'லீவு எப்படி மாப்ள கெடச்சுது'ன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு நான் எந்த மூஞ்சியோட பதில் சொல்ல?” சிவபாண்டி காலண்டரைப் பார்த்தார். “செவ்வாக்கெழம போவோம். செவ்வாயானா மாமா தோப்புக்குப் போயிருவாவ. அத்தையும் இப்பத் திருப்பூர்ல ஒங்க அண்ணன் வீட்டுல இருக்காவ. அதுபோக, இவன் பிரைவேட்டுன்னுதான போட்டிருக்கான்?”

மறுநாள் நிறுவனத்தின் 'அனுபவ மேலாளர்' ஸ்வீட்லின் போனில் வந்தாள். தேன் கலந்த குரல்.

“வெல்கம் சார். உங்க டெஸ்டினேஷனுக்கு ஃப்ளைட்ல வர்றீங்களா, டிரெயின்லயா?”

“டவுன் பஸ்ல.”

“ஓ... நீங்க அந்த ஊரேவா சார்?”

“சேச்சே. இராஜபாளையம்.” கடல் கடந்த தேசத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். “ஒரு சந்தேகம்மா. பிரைவேட்டுன்னா எம்புட்டு பிரைவேட்டு?”

“உங்க ரெண்டு பேரைத் தவிர படத்துல வேற மனுஷங்களே இருக்க மாட்டாங்க சார். அதுக்கு நாங்க கேரண்டி.”

சிவபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. மில்லில் பல்வலி என்று சொல்லி லீவு வாங்கினார். ஆம், கேட்டதும் கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்ற இந்த அரிய உண்மை அவருக்கே அன்றுதான் தெரிந்ததாக நாம் நம்பிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, தேரடியில் இரண்டு 'சுற்றுலாப் பயணிகள்' வந்திறங்கினார்கள். சிவபாண்டி தலையில் ஓலைத்தொப்பி, உடம்பில் செம்பருத்திப் பூப்போட்ட சட்டை. செல்வலட்சுமி தரையைக் கூட்டும் நீளத்தில் ஒரு வெள்ளை கவுனும், பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். போட்டோகிராபர் ஆஸ்டின் கழுத்தில் இரண்டு கேமராவோடு காத்திருந்தார். அவர் பக்கத்தில் ஸ்வீட்லின், தெருவில் போகிற சனங்களை 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லி வரலாற்றிலிருந்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“எல்லாமே கேண்டிட்தான்,” என்று ஆஸ்டின் உபதேசம் செய்தார். “கேமராவைப் பாக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. எதையும் கவனிக்காத மாதிரி, உங்க உலகத்துல நீங்க இருக்கணும்.”

சிவபாண்டிக்குப் பிடிபடவில்லை. செல்வலட்சுமிதான் மொழிபெயர்த்தாள்: “கண்டுக்கிடாம இருக்கணுமாம்ங்க. கண்டுக்கிடாத போட்டோ.”

ஆகா, எவ்வளவு பொருத்தமான சொல்! 'கண்டுக்கிடாதே' என்பதே கப்பலேறிப் போய் 'கேண்டிட்' ஆகித் திரும்பிவந்ததென்று மொழி அறிஞர் யாரும் இதுவரை சொல்லவில்லை. சொல்வார்கள்.

“மேடம், இந்தக் கோபுரத்தை வாழ்க்கையில முதல் தடவையா பாக்கறீங்க. ஆச்சரியம் வேணும்.”

செல்வலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். கை தன்னால் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“மேடம்! டூரிஸ்ட் கன்னத்துல போட மாட்டாங்க!”

மறுபடி பார்த்தாள். மறுபடி கன்னம். மூன்றாவது தடவை ஸ்வீட்லின் அவள் இரண்டு கையிலும் ஒவ்வொரு பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்துக் கட்டிப்போட்டாள். ஆச்சரியம் ஒருவழியாகப் பதிவாயிற்று.

அந்நேரம் பார்த்து, பூக்கூடையோடு போன மாடத்தி நின்றுவிட்டாள். அவளுக்கு அந்தத் தெருவில் பிறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தாய்தகப்பன் தெரியும்.

“ஏட்டி, நீ சோணைமுத்து மக லட்சுமிதான?”

செல்வலட்சுமி கண்டுக்கிடவில்லை. சிவபாண்டி தொப்பியை மூக்குவரை இறக்கினார். “நாங்க டூரிஸ்ட்டும்மா. வெளியூரு.”

“வெளியூருன்னா எந்த ஊரு?”

“இராஜ...” என்று ஆரம்பித்தவர், பாதியில் பள்ளத்தைப் பார்த்த டவுன் பஸ் டிரைவர்போல ஒடித்துத் திருப்பினார். “...ஸ்தான்.”

“ராஜஸ்தானா! அம்புட்டுத் தூரத்துல இருந்தா! நம்ம பாசை நல்லாப் பேசுதியளே,” என்று மாடத்தி மெச்சினாள். மெச்சிவிட்டு ஓரமாகப் போய், இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். காற்று அவள் பேச்சைச் சிவபாண்டி காதுவரை கொண்டுவந்தது. “அண்ணே, தோப்புலயா இருக்கிய? இங்க ஒரு ராஜஸ்தான்காரி வந்திருக்கா. அச்சு அசலு நம்ம லட்சுமி கணக்கா, அதே ஒடஞ்ச பல்லு. கூட வந்திருக்கவரு நம்ம மாப்ள கணக்காப் பொய் பேசுதாரு.”

சிவபாண்டி ஆஸ்டினிடம் ஓடினார். “தம்பி, சீக்கிரம் முடிங்க.”

கலையை அவசரப்படுத்த முடியுமா? பழைய கதவில் சாய்ந்து சிந்திப்பது, குளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, ஒருவர் காதில் ஒருவர் ரகசியம் சொல்வது என்று ஆஸ்டின் படிப்படியாகத்தான் போனார். ரகசியம் சொல்லும் கட்டத்தில் சிவபாண்டி, “மாமா வந்துக்கிட்டிருப்பாவ,” என்றார். செல்வலட்சுமி முகத்தில் எழுந்த உணர்ச்சியை ஆஸ்டின் “சூப்பர் ரொமான்ஸ்!” என்று பாராட்டினார்.

கடைசிப் படம் ரத வீதியில். இருவரும் கை கோத்துக் கேமராவை நோக்கி மெதுவாக நடந்து வரவேண்டும். பின்னால் கோபுரம். நடக்க ஆரம்பித்தார்கள். பின்பக்கம் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நிற்கும் சத்தம். பலகையை இறக்கும் சத்தம். அதன் பிறகு, தெளிவாக, தாடி வைத்த ஒரு குரல்:

“ம்ம்மே...”

சிவபாண்டி மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ஏலே, சும்மா வாலே,” என்று அதை ஒருவர் அதட்டினார். அப்புறம் அதே குரல், வேறு மாதிரி, குழைந்து வந்தது. “யாத்தா லட்சுமி! மாப்ள! வாங்க, வாங்க!”

செல்வலட்சுமியின் நடை தடுமாறியது. உதட்டை அசைக்காமல் கேட்டாள்: “அப்பா சத்தம் மாதிரி இருக்குங்க.”

“எல்லா அப்பாவுக்கும் அதே சத்தந்தான். திரும்பாத.”

“கூப்பிடுதாங்களே...”

“கேண்டிட்டு! கண்டுக்கிடாத!”

பின்னால் ஸ்வீட்லின் தேன் குரலில் சொல்வது கேட்டது: “அங்கிள், பிரைவேட் ஷூட் போயிட்டிருக்கு. கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க ப்ளீஸ்.”

“அப்படியாம்மா? சரி சரி, அவிய வேலை முடியட்டும். நான் நிக்கேன்.”

நின்றார். அவர்கள் நடந்தார்கள். சரியாக வரவில்லை என்று ஆஸ்டின் மறுபடி நடக்கவிட்டார். இந்தத் தடவை இருவரும் கேமராவைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து பழைய இடத்துக்குப் போனார்கள். கலைக்கு முதுகு காட்டக் கூடாது என்று சிவபாண்டி விளக்கம் சொன்னார். கறுப்புக் கண்ணாடிக்குள் செல்வலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. “இதான்! இதான் நான் கேட்ட எக்ஸ்பிரஷன்!” என்று ஆஸ்டின் துள்ளினார். சிவபாண்டியோ சுண்டுவிரல் அளவுகூடத் திரும்பவில்லை. பெற்ற பெண்ணைக் கொடுத்தவர் பின்னால் நின்று கூப்பிட, கழுத்தைத் திருப்பாமல் ஒரு தெருவை நடந்து முடிப்பது சாமானியர்களால் ஆகிற காரியமா? ஆஸ்டினே சொன்னார்: “என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேண்டிட் முகத்தைப் பாத்ததில்ல சார்.”

முடிந்ததும் நேராக ஆஸ்டினின் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். கார் இராஜபாளையம் எல்லையைத் தொடும்வரை ஓலைத்தொப்பி தலையிலிருந்து இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. அடடா, என்ன படம்! கோபுரம் மங்கலாகி எந்த ஊர் என்றே தெரியவில்லை. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நடுவில் இருவரும் ராஜகளையோடு நடந்து வந்தார்கள். செல்வலட்சுமி அதுவரை முகம் தூக்கிக்கொண்டு திரிந்தவள், படத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்து, 'வெக்கேஷன், ஒரு பழைய ஊரில்' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். “எந்த நாடுக்கா இது?” என்று மாரிச்செல்வி கேட்டாள். வாழ்நாள் சாதனை.

சிவபாண்டி அப்புறந்தான் படத்தோடு வந்திருந்த ஸ்வீட்லினின் குறிப்பைப் படித்தார். 'சார், கடைசிப் படங்கள் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு அங்கிள் நின்றுகொண்டே இருக்கிறார். எங்கள் கேரண்டிப்படி அவரை இலவசமாக நீக்கிவிட்டோம். ஆடு மட்டும் பாரம்பரியக் களை தருவதால் அப்படியே விட்டிருக்கிறோம்.'

படத்தைப் பெரிதாக்கினார். தோளுக்குப் பின்னால், தூரத்தில், கிடா நின்றது. தாடியும் மாலையுமாக அது ஒன்றுதான் கேமராவை நேராகப் பார்த்தது. அதன் கழுத்திலிருந்து கயிறு மேலே போய், ஒரு ஆள் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் முடிந்திருந்தது.

“ஏட்டி, அழி! அந்தப் படத்தை அழி!”

“ஏன்? இப்பத்தான அப்பா பாத்திருக்காவ. நீல டிக்கு வந்திருச்சு.”

குழுவில் தினமும் காலை வணக்கம் ரோஜாப்பூ மட்டும் அனுப்புகிறவர் சோணைமுத்து. அன்றைக்கு அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னணியில் கிடாவும் பேசியது.

“படம் ரொம்ப நல்லாருக்கு மாப்ள. லட்சுமிதான் கொஞ்சம் எளச்சிருக்கா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வருவியன்னு எலை வாங்கி வச்சிருந்தேன், அதனால என்ன. ஒங்களுக்கு லீவு கெடச்சதே பெரிய சந்தோசம். ஒலகத்துல காயமெல்லாம் ஆறிருச்சுபோல. ஒரே ஒரு சந்தேகந்தான் மாப்ள. அந்தக் கயித்த யாரு பிடிச்சிருக்கா?”